இரண்டு ஜோடிக் கதவுகள். ஒரு முழு ஆயுள்!

ஒரு ஜோடிக் கதவு செய்ய எத்தனை நாள் ஆகும்? கைதேர்ந்த தச்சர் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். வேலைப்பாடு அதிகம் என்றால் சில மாதங்கள் ஆகலாம்.

ஆனால், ஒரு ஜோடிக் கதவுக்கு 21 வருஷமும், அடுத்த ஜோடிக்கு 27 வருஷமும் உழைத்தார் ஒருவர். அவர்தான் இத்தாலி நாட்டுச் சிற்பி லொரென்சோ கிபர்ட்டி.

பொற்கொல்லர் வளர்த்த பிள்ளை

1378-ம் ஆண்டு, பிளாரன்ஸ் நகருக்கு அருகே கிபர்ட்டி பிறந்தார். அவரை வளர்த்தவர் பார்ட்டோலோ என்ற பொற்கொல்லர். அவருடைய பட்டறையில்தான் சிறுவன் தொழில் பழகினான்.

1400-ம் ஆண்டு பிளாரன்சில் கொள்ளை நோய் பரவியது. வாலிபன் கிபர்ட்டி ஊரைவிட்டுப் போனான். வேறோர் ஊரில், ஒரு சிற்றரசரின் மாளிகையில் ஓவியம் தீட்டினான். அப்போது ஊரிலிருந்து கடிதம் வந்தது. பெரிய போட்டி நடக்கப்போகிறது, உடனே புறப்பட்டு வா என்றது கடிதம்.

என்ன போட்டி?

பிளாரன்ஸ் நகரில் எட்டுப் பட்டை வடிவில் ஒரு மண்டபம் இருக்கிறது. புனித யோவான் பெயரால் அமைந்த கோயில் அது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் இடம். மகாகவி தாந்தே ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேதான். இதற்கு மூன்று வாசல்கள். ஒரு வாசலுக்கு மட்டும் முன்பே வெண்கலக் கதவு இருந்தது. இரண்டாவது கதவு செய்யத் தகுந்தவர் யார்? மண்டபத்தைப் பராமரித்து வந்த துணி வியாபாரிகள் சங்கம் 1401-ல் போட்டி வைத்தது.

ஏழு சிற்பிகள் களத்தில் இறங்கினர். எல்லோருக்கும் ஒரே கதைதான். கடவுளின் கட்டளைப்படி மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்குகிறார் ஆபிரகாம். தேவதூதன் வந்து தடுக்கிறான். இதை வெண்கலப் பலகையில் காட்ட வேண்டும். தவணை ஒரு வருஷம்.

கடைசியில், கிபர்ட்டிக்கும் புரூனலெஸ்கி என்பவருக்கும் கடும் போட்டி ஏற்பட்டது. புரூனலெஸ்கி பல உருவங்களைத் தனித்தனியே வார்த்துப் பொருத்தியிருந்தார். கிபர்ட்டியோ ஏறக்குறைய முழுவதையும் ஒரே வார்ப்பாகச் செய்துவிட்டார். அதனால் அவர் பலகை சுமார் 7 கிலோ எடை குறைவு. வெண்கலம் மிச்சம்! அழகும் குறையவில்லை. 23 வயதில் போட்டியில் இறங்கிய வாலிபனுக்கே வெற்றி கிடைத்தது.

தோற்றவரும் சும்மா இருந்துவிடவில்லை. எதிரே நிற்கும் தலைமைக் கோயிலின் பிரம்மாண்டமான கோபுரக் கூரையைப் பின்னாளில் கட்டியவர் அவர்தான்!

மெழுகும் நெருப்பும்

வேலை எப்படி நடந்தது தெரியுமா? முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசிச் சூடேற்றுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகுதான் பெரிய வேலை. கண், விரல், இலை என்று ஒவ்வொன்றையும் உளியால் செதுக்கித் தீட்ட வேண்டும். இதற்கே ஆண்டுகள் ஓடின.

முதல் வார்ப்பு ஒன்று கெட்டுப்போனதாகவும், அவர் மனம் தளராமல் மீண்டும் வார்த்ததாகவும் சொல்வார்கள். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற தொனதெல்லோ போன்றவர்கள் அவர் பட்டறையில் வேலை செய்தவர்களே.

1424-ல் கதவு முடிந்தது. மொத்தம் 28 பலகைகள். அவற்றில் 20 பலகைகளில் ஏசுநாதரின் சரித்திரம்.

சொர்க்க வாசல்

அடுத்த ஆண்டே மூன்றாவது கதவும் கிபர்ட்டியிடம் வந்தது. இம்முறை பத்தே பலகைகள், ஆனால் பெரியவை. பழைய ஏற்பாட்டுக் கதைகளை அவற்றில் அமைத்தார். ஒரே பலகையில் ஆதாம் பிறக்கிறார், ஏவாள் பிறக்கிறாள், கனியை உண்கிறார்கள், தோட்டத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள். முன்னால் நிற்கும் உருவங்கள் வெளியே வந்துவிடும்போல் புடைத்திருக்கும். தூரத்தில் உள்ளவை கீறிய கோடு போல மெலிந்திருக்கும். தட்டையான உலோகத்தில் தூரத்தையே காட்டிவிட்டார்! எல்லாவற்றுக்கும் பொன்முலாம் பூசினார்.

1452-ல் வேலை முடிந்தபோது அவருக்கு வயது 74. கதவின் அழகைக் கண்ட நகரத்தார், தலைமைக் கோயிலை நோக்கிய முக்கிய வாசலில் அதை மாட்டினார்கள். அங்கே இருந்த கிபர்ட்டியின் முதல் கதவு வடக்கு வாசலுக்குப் போயிற்று. தம்மைத் தாமே வென்றுவிட்டார் கிபர்ட்டி!

மூன்று ஆண்டுகளில், 1455-ல் அவர் காலமானார். இவை சொர்க்கத்துக்கே வாசலாக இருக்கத் தகுந்தவை என்று சிற்பி மைக்கேலாஞ்சலோ பிற்காலத்தில் புகழ்ந்தாராம். அன்று முதல் சொர்க்க வாசல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வெள்ளம் வந்தது

1966-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ஆர்னோ நதி கரை உடைத்து நகருக்குள் புகுந்தது. வெள்ளத்தின் வேகத்தில் ஐந்து பலகைகள் கதவிலிருந்து பெயர்ந்து விழுந்தன. அவற்றை மீட்டுச் சுத்தம் செய்தார்கள். கதவைச் சீர்படுத்தும் வேலை 2012-ல்தான் முடிந்தது. செய்ய 27 வருஷம் ஆன கதவைச் சீர்படுத்தவும் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன!

இன்று மண்டப வாசலில் இருப்பது நகல். அசல் கதவு பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் கதவின் சட்டத்தை உற்றுப் பார்த்தால், ஒரு சிறிய வழுக்கைத் தலையைக் காணலாம். அதுதான் கிபர்ட்டி! இளைஞனாக உளி பிடித்தவர், கிழவராகித் தம் முகத்தையும் தாமே அங்கே வார்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.