புனித அருளானந்தர்: விடத் துணிந்தவர்கள் கதை

பிப்ரவரி 4. ஓரியூர் மண் புனித அருளானந்தரின் இரத்தத்தால் நனைந்த நாள். கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் இருந்து திருவாடானை வழியாக அத்திருத்தலம் செல்லும் நம் மக்கள், அங்குள்ள சிவந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து வீட்டில் பத்திரமாக வைக்கிறார்கள். நோயுற்றவர் நெற்றியில் பூசுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த மண் ஏன் சிவந்தது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒரு மனிதர் தம் பழைய வாழ்வை உண்மையாகவே விட்டுவிட முடிவு செய்தார். அதற்கு வழிகாட்டிய குரு தம் உயிரையே விலையாகக் கொடுத்தார். ஓரியூரின் கதை சுருக்கமாக இதுதான்.

அரண்மனையை விட்டவர்

ஜான் தெ பிரித்தோ 1647ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். ஆளுநராகப் பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட தந்தை அங்கேயே இறந்துவிட, தாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவயதிலேயே ஜான் அரண்மனையில் பணிவிடைச் சிறுவனாகச் சேர்ந்தார். இளவரசர் பேதுரு அவருடைய தோழரானார்.

ஒருமுறை ஜான் கடும் நோயில் விழுந்தபோது, அவருடைய தாய் புனித சவேரியாரை நோக்கி மன்றாடினார். மகன் பிழைத்தால் ஓராண்டு இயேசு சபைத் துறவியின் அங்கியை அணியச் செய்வதாகப் பொருத்தனை செய்தார். ஜான் பிழைத்தார். அரண்மனைச் சிறுவர்கள் நடுவே அந்த அங்கியோடு ஓராண்டு நடமாடினார். அந்த ஆண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றினார். ஆனால் சவேரியாரைப் போல் வாழ வேண்டும் என்ற ஆவல் அவரை விட்டுப் போகவில்லை. 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், இயேசு சபையில் சேர்ந்தார்.

1673இல் குருவாக அருள்பொழிவு பெற்று, அதே ஆண்டில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மகனை அனுப்ப மனமில்லாத தாய் தடுக்க முயன்றார். தாயின் கண்ணீரை மீறிச் செல்வது எந்த மகனுக்கும் எளிதன்று. ஆயினும் அவர் புறப்பட்டார்.

உணவையும் உடையையும் விட்டவர்

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி தொடங்கிய வழியை அவரும் பின்பற்றினார். தமிழ் கற்றார். காவி உடுத்துப் பண்டாரச் சாமியாக வாழ்ந்தார். புலால், மது இரண்டையும் துறந்தார். சோறும் காய்கறியுமே உணவு, தரையே படுக்கை. அருளானந்தர் என்ற பெயரில் ஊர் ஊராக நடந்தார். மர நிழலிலும் ஓலைக் கொட்டகையிலும் பாவமன்னிப்பு அளித்தார், திருப்பலி நிறைவேற்றினார்.

1686இல் மறவர் நாட்டில் நற்செய்தி அறிவித்ததற்காக அவரையும் அவருடைய வேதியர்களையும் பிடித்துச் சங்கிலியால் கட்டிக் கொடுமைப்படுத்தினர். இறுதியில் சேதுபதி மன்னர் அவரை விடுவித்தார். ஆனால் தம் நாட்டில் இனி மறையுரைக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். அதன்பின் சபைத் தலைவர்கள் மதுரை மறைப்பணித் தளத்தின் சார்பாளராக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1687இல் லிஸ்பன் சேர்ந்தார்.

சிறுவயதுத் தோழர் பேதுரு அப்போது நாட்டின் அரசர். அருளானந்தரைத் தம் அருகிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். இது பாவத்துக்கான அழைப்பு அன்று, மதிப்பான பணிதான். ஆயினும் மறவர் நாட்டில் தாம் விட்டுவந்த மக்களை அவரால் மறக்க முடியவில்லை. சாவு காத்திருக்கிறது என்று அறிந்தே 1690இல் மீண்டும் இந்தியா வந்தார்.

இங்கே நமக்கொரு பாடம் உண்டு. ஆன்மீக வளர்ச்சி ஒரே நாளில் வருவதன்று. முதலில் தீமையை விடுகிறோம். பிறகு வசதியை விடுகிறோம். பிறகு பெயரையும் புகழையும் விடுகிறோம். ஒன்றை விட்ட கைதான் அடுத்ததை விடும் பலம் பெறுகிறது.

தடியத்தேவரின் முடிவு

மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவர் தடியத்தேவர். தீராத நோயால் வருந்திய அவர், வேதியர் ஒருவர் வந்து நற்செய்தியை வாசித்துச் செபித்தபின் நலம் பெற்றார். நன்றி பொங்க, உடனே திருமுழுக்குத் தரும்படி அருளானந்தரிடம் கேட்டார்.

செல்வாக்குள்ள ஒரு தலைவர் தாமே முன்வந்து கேட்கிறார். அவர் வந்தால் பலர் வருவர், பாதுகாப்பும் கிடைக்கும். ஆனால் அவருக்குப் பல மனைவியர் இருந்தனர். ஒருவரைத் தவிர மற்றவர்களைப் பிரியாமல் திருமுழுக்குப் பெற இயலாது என்று அருளானந்தர் தெளிவாகச் சொல்லிவிட்டார். எதிரே இருப்பவர் பெரியவர் என்பதற்காக அவர் கட்டளையைச் சிறிதாக்கவில்லை.

தடியத்தேவர் அதற்கு உடன்பட்டார். முதல் மனைவியுடன் மட்டும் வாழ முடிவு செய்து, மற்றவர்களைச் சகோதரிகளாக மதித்து ஆதரிப்பதாக வாக்களித்தார். 1693 ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார்.

ஆனால் விலக்கப்பட்ட மனைவியருள் இளையவரான கடலாயி, மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் அழுது சென்று மன்னரிடம் முறையிட்டார். இரண்டே நாளில், ஜனவரி 8 அன்று, அருளானந்தர் கைதானார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லி நாம் கடந்து போய்விடக் கூடாது. அக்கால வழக்கப்படி முறையாக மணந்துகொண்டவர் அவர். அவருடைய வேதனை உண்மையானது. நம் தவறான வாழ்வின் முடிச்சில் குற்றமற்ற மற்றவர்களும் கட்டுண்டு கிடக்கிறார்கள். அதை அவிழ்க்கும்போது அவர்களுக்கும் வலிக்கிறது. ஆகவேதான் பாவத்தை விடுபவருக்கு, அவர்களைக் கைவிடாமல் ஆதரிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

திருமுழுக்கு யோவான் ஏரோதின் திருமண வாழ்வைக் கண்டித்து உயிரிழந்தார். அருளானந்தரின் சாவும் அதைப் போன்றதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏரோது யோவானின் பேச்சை விரும்பிக் கேட்டான். ஆனால் எதையும் விடவில்லை. தடியத்தேவர் கேட்டார், விட்டார்.

அருளானந்தர் இராமநாதபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். பின்னர் மன்னரின் சகோதரருடைய ஆளுகையில் இருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் கரியை நீரில் குழைத்து, துரும்பை எழுதுகோலாக்கி, உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் புலம்பல் இல்லை. நன்மையின் பொருட்டுச் சாவதில் மகிழ்ச்சியே இருந்தது. 1693 பிப்ரவரி 4 அன்று, பாம்பாற்றங்கரையில் தலை வெட்டப்பட்டு உயிர் நீத்தார். 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 ஜூன் 22 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

நமக்கு

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களை ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். ஆன்ம சோதனை செய்கிறோம், மனஸ்தாபப்படுகிறோம், குருவிடம் அறிக்கையிடுகிறோம், அபராதமாகக் கொடுத்த செபத்தையும் சொல்லிவிடுகிறோம். நடுவில் உள்ள பிரதிக்கினையைத்தான் விரைவாகத் தாண்டிவிடுகிறோம். இனிச் செய்யமாட்டேன் என்று பொதுவாகச் சொல்வது எளிது. எதை விடப்போகிறேன், எப்போது, அதனால் எனக்கு என்ன இழப்பு என்று கேட்டுத் துணிவதே பிரதிக்கினை.

குடியை விடுபவர் தினமும் மாலையில் கூடும் நண்பர்களையும் விட வேண்டியிருக்கும். கந்துவட்டியை விடுபவர் வருமானத்தை இழப்பார். மகனுக்கு வரதட்சணை வேண்டாம் என்பவர் உறவினரின் கேலியைத் தாங்க வேண்டும். பேசாதிருக்கும் அண்ணன் தம்பியிடம் முதலில் பேசுபவர் தம் கௌரவத்தை விட வேண்டும். நோய் தீர்ந்த நன்றியில் கோவிலுக்கு மெழுகுதிரி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தடியத்தேவர் பழைய வாழ்வுக்கே திரும்பியிருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்கிறோம்.

நம்மால் முடியாது என்று சோர்ந்துவிட வேண்டாம். நோயிலிருந்து எழுந்த தடியத்தேவருக்கு முதலில் கிடைத்தது இறைவனின் இரக்கம். விடும் பலம் அதன்பின் வந்தது. ஒப்புரவு அருள்சாதனத்திலும் நற்கருணையிலும் அதே இரக்கம் நமக்கும் காத்திருக்கிறது.

சிந்திப்போம்: விட வேண்டும் என்று அறிந்தும் நான் விடாமல் பிடித்திருக்கும் அந்த ஒன்று எது? அதை விடும்போது யார் வருந்துவார்கள்? அவர்களுக்கு நான் செய்ய வேண்டியது என்ன?

செபிப்போம்: ஆண்டவரே, உம் ஊழியர் அருளானந்தரின் இரத்தத்தால் எங்கள் மண்ணைப் புனிதப்படுத்தினீர். அந்த மண்ணை வணங்கும் நாங்கள், எங்கள் பாவத்தை விடும் துணிவையும் பெற அருள்புரியும். ஆமென்.