எட்கர் எஃப். கோட்

எட்கர் பிராங்க் கோட் (ஆகஸ்ட் 19, 1923 – ஏப்ரல் 18, 2003) இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் ஆவார். தரவுத்தளங்களுக்கான தொடர்புசால் மாதிரியை உருவாக்கியவர் இவரே. தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்துக்கொண்டால், அவை கணினியில் எங்கே, எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளன என்பதை அறியாமலே வேண்டிய வடிவில் மாற்றிப் பெறலாம் என்பது இம்மாதிரியின் அடிப்படையாகும். எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழி இதிலிருந்தே தோன்றியது. ஆயினும் அம்மொழி தமது மாதிரியைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று கோட் கடுமையாக விமர்சித்தார்.

இளமைக்காலம்

கோட் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியிலுள்ள போர்ட்லாந்து தீவில், ஏழு பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். தாயார் பள்ளி ஆசிரியை. தந்தை தோல் தொழில் செய்தவர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்சிட்டர் கல்லூரியில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரச வான்படையின் கரையோரப் பிரிவில் சேர்ந்து, சண்டர்லாந்து வகைக் கடல் விமானங்களை ஓட்டினார்.

போருக்குப் பின் 1948 இல் நியூயார்க் சென்றார். மேசீஸ் அங்காடியில் சிறிது காலம் விற்பனையாளராகவும், பின்னர் டென்னசி பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியராகவும் பணிபுரிந்தார்.

ஐபிஎம் நிறுவனத்தில்

1949 இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் தொடக்ககாலக் கணினிகளுக்குச் செய்நிரல் எழுதினார். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி அந்நாளில் நடத்திவந்த பொதுவுடைமை எதிர்ப்பு விசாரணைகளை வெறுத்து, 1953 இல் கனடாவின் ஒட்டாவா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு ஏவுகணைத் திட்டம் ஒன்றின் கணிப்புப் பணிகளைக் கவனித்தார். 1957 இல் மீண்டும் ஐபிஎம்மில் இணைந்து, ஒரே கணினியில் பல செய்நிரல்களை ஒருசேர இயக்கும் முறையில் பணியாற்றினார்.

நாற்பது வயதை நெருங்கும் வேளையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, 1965 இல் முனைவர் பட்டம் பெற்றார். தம்மைத் தாமே படியெடுக்கும் இயந்திரங்களைப் பற்றி ஜான் வான் நியூமன் உருவாக்கிய மாதிரியில் ஒவ்வொரு கலத்திற்கும் 29 நிலைகள் இருந்தன. எட்டு நிலைகளே போதும் என்று கோட் காட்டினார். இவ்வாய்வு 1968 இல் நூலாக வெளிவந்தது. பின்னர் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடத்திற்கு மாறினார்.

முந்தைய தரவுத்தளங்களின் சிக்கல்

1960களில் தரவுத்தளங்கள் பெரும்பாலும் மரவடிவிலோ வலைவடிவிலோ அமைந்திருந்தன. ஐபிஎம் விற்றுவந்த ஐஎம்எஸ் மரவடிவத் தரவுத்தளமாகும். இவற்றில் ஒரு தகவலைப் பெற, செய்நிரலர் ஒவ்வொரு கிளையாக இறங்கிச் செல்லும் பாதையைத் தாமே எழுத வேண்டும். ஆகவே கேள்வி எளியதாயினும் அதைக் கேட்கச் செய்நிரலர் ஒருவர் தேவைப்பட்டார். தரவின் அமைப்பு மாறினால் பழைய செய்நிரல்கள் பயனற்றுப் போயின.

கோட் தமது கட்டுரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். உதிரிப்பாகங்களையும் அவற்றைப் பயன்படுத்தும் திட்டங்களையும் பற்றிய ஒரே தரவை ஐந்து வெவ்வேறு மரவடிவங்களில் அமைத்துக் காட்டினார். அவற்றுள் ஒன்றிற்காக எழுதப்பட்ட செய்நிரல் மற்றவற்றுள் சிலவற்றிலேனும் தோல்வியுறும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

தொடர்புசால் மாதிரி

1969 இல் ஐபிஎம்மின் உள் ஆய்வறிக்கையாகத் தமது கருத்தை வெளியிட்ட கோட், 1970 சூன் மாதம் அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் இதழில் அதனை விரிவாக எழுதினார். இதன் அடித்தளம் கணிதத்தின் கணக் கோட்பாடாகும். ஒவ்வொரு அட்டவணையும் ஒரு தொடர்பு. அதன் ஒவ்வொரு நிரையும் (கிடைவரிசை) ஓர் உண்மைக் கூற்று. நிரைகளின் வரிசைக்குப் பொருளில்லை. ஒரே நிரை இருமுறை வருவதுமில்லை.

மரவடிவத் தரவை அட்டவணைகளாக மாற்றும் முறைக்கு இயல்நிலையாக்கம் என்று பெயர். 1970 கட்டுரையில் வரும் ஊழியர் பதிவேடு இதனை விளக்குகிறது. அதில் ஊழியரின் பதிவுக்குள்ளே அவர் வகித்த பதவிகளின் வரலாறும், ஒவ்வொரு பதவிக்குள்ளே சம்பள வரலாறும், தனியே குழந்தைகளின் பட்டியலும் அடங்கியிருந்தன. கோட் இதனை ஊழியர், பதவி வரலாறு, சம்பள வரலாறு, குழந்தைகள் என நான்கு தட்டையான அட்டவணைகளாகப் பிரித்தார். உள்ளே இருந்த ஒவ்வொன்றும் வெளியே வரும்போது ஊழியர் எண்ணைத் தன்னுடன் எடுத்து வருகிறது. சம்பள வரலாறு பதவி ஏற்ற நாளையும் சேர்த்தே எடுத்து வருகிறது. எனவே பிரித்ததால் எத்தகவலும் இழக்கப்படுவதில்லை.

அட்டவணைகளை மாற்றியமைத்தல்

பிரித்தவற்றை வேண்டியவாறு மீண்டும் சேர்ப்பதற்குக் கோட் ஓர் இயற்கணிதத்தை உருவாக்கினார். அதன் முக்கியச் செயல்கள் பின்வருமாறு:

தேர்வு: நிபந்தனைக்குப் பொருந்தும் நிரைகளை மட்டும் எடுத்தல்.
வீழ்த்தல்: வேண்டிய நிரல்களை (நெடுவரிசைகளை) மட்டும் எடுத்தல்.
இணைப்பு: இரு அட்டவணைகளைப் பொதுவான மதிப்பைக் கொண்டு ஒன்றாக்குதல்.
ஒன்றிப்பு, வெட்டு, வேறுபாடு: கணங்களுக்குரிய வழக்கமான செயல்கள்.

இவற்றுள் எதைச் செய்தாலும் விடையாகக் கிடைப்பது மற்றோர் அட்டவணையே. ஆதலால் ஒரு செயலின் விடையை அடுத்த செயலுக்குக் கொடுத்து, எத்தனை படிகள் வேண்டுமானாலும் கோத்துச் செல்லலாம்.

எடுத்துக்காட்டாக, 1960 இற்குப் பின் பிறந்த குழந்தைகளையுடைய ஊழியர்கள் வகித்த பதவிகள் யாவை என்று அறிய வேண்டும் எனக் கொள்வோம். மரவடிவில் குழந்தைகளும் பதவிகளும் தனித்தனிக் கிளைகள். அட்டவணை முறையிலோ, குழந்தைகள் அட்டவணையில் தேர்வு செய்து, ஊழியர் எண்ணைக் கொண்டு பதவி வரலாற்றுடன் இணைத்து, பதவிப்பெயர் நிரலை வீழ்த்தினால் விடை கிடைத்துவிடும். கேள்வி முன்கூட்டி எதிர்பார்க்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

என்ன வேண்டும் என்பதை மட்டும் கூறும் தொடர்புக் கணிப்பியல் என்ற முறையையும் கோட் வகுத்தார். அதில் கூறப்படும் எதனையும் மேற்கண்ட இயற்கணிதச் செயல்களாக மாற்றலாம் என்று 1972 இல் நிறுவினார். பயனர் கேள்வியைக் கூற, விடைக்கான வழியைக் கணினியே தேர்ந்துகொள்ளலாம் என்பதற்கு இது அடிப்படையாயிற்று.

எதிர்ப்பும் ஏற்பும்

ஐஎம்எஸ் நல்ல வருவாய் தந்துகொண்டிருந்ததால் ஐபிஎம் இம்மாதிரியை விற்பனைப் பொருளாக்க விரையவில்லை. கணினி இவ்வளவு வேலையையும் தானே செய்தால் வேகம் குன்றும் என்று பலர் ஐயுற்றனர். 1974 இல் மிச்சிகனில் நடந்த கருத்தரங்கில், வலைவடிவ முறையின் முன்னோடியும் டூரிங் விருது பெற்றவருமான சார்லஸ் பேக்மனும் கோட்டும் எதிரெதிரே வாதிட்டனர்.

ஐயத்தைத் தீர்த்தவை செயல்பட்டுக் காட்டிய மென்பொருட்களே. ஐபிஎம்மின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் திட்டமும், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோரின் இங்கிரெஸ் திட்டமும் 1970களில் நடந்தன. சிஸ்டம் ஆர் பற்றிய கட்டுரைகள் வெளிப்படையாக வெளிவந்தன. அவற்றைப் படித்த லாரி எலிசனின் நிறுவனம் ஐபிஎம்மை முந்திக்கொண்டு 1979 இல் ஆரக்கிளை விற்கத் தொடங்கியது. ஐபிஎம்மின் டிபி2 1983 இலேயே அறிவிக்கப்பட்டது.

எஸ்கியூஎல் பற்றிய விமர்சனம்

கோட் 1971 இல் ஆல்பா என்னும் வினவல் மொழியை வடிவமைத்திருந்தார். ஆனால் சிஸ்டம் ஆர் குழு அதனை ஏற்கவில்லை. டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் கணிதக் குறியீடுகளைத் தவிர்த்து ஆங்கிலச் சொற்களால் அமைத்த மொழியே எஸ்கியூஎல் ஆக வளர்ந்து, 1986 இல் அமெரிக்கத் தரமாயிற்று.

இம்மொழி ஒரே நிரை பலமுறை வருவதை அனுமதித்தது. அதனால் அட்டவணை கணமாக இருக்கும் தன்மையை இழந்தது. ஒரே கேள்வியைப் பல வகையில் எழுத முடிந்ததும், விடுபட்ட மதிப்புகளைக் கையாண்ட விதமும் குறைகளே என்று 1988 இல் கோட் எழுதினார். முன்னதாக 1985 இல், பழைய மென்பொருட்களைத் தொடர்புசால் என்ற பெயரில் விற்பதைக் கண்டித்துப் பன்னிரு விதிகளை வெளியிட்டார். இவை 0 முதல் 12 வரை எண்ணிடப்பட்டிருப்பதால் உண்மையில் பதின்மூன்றாகும்.

பிற்காலம்

1976 இல் ஐபிஎம் சிறப்பாய்வாளர் தகுதியும் 1981 இல் டூரிங் விருதும் பெற்றார். 1984 இல் ஐபிஎம்மிலிருந்து விலகி, கிறிஸ் டேட், ஷாரன் வைன்பர்க் ஆகியோருடன் ஆலோசனை நிறுவனம் நடத்தினார். 1990 இல் வைன்பர்க்கை மணந்தார். அதே ஆண்டில் தமது மாதிரியின் இரண்டாம் பதிப்பை நூலாக வெளியிட்டார். 1993 இல் ஓலேப் என்னும் பகுப்பாய்வு முறை குறித்து எழுதிய அறிக்கை, அத்தகைய மென்பொருளை விற்ற நிறுவனத்தின் நிதியில் எழுதப்பட்டதால் கண்டனத்திற்குள்ளானது.

இதயச் செயலிழப்பால் 2003 இல் புளோரிடாவில் தமது 79 ஆம் வயதில் காலமானார். அடுத்த ஆண்டு, அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் தரவு மேலாண்மைப் பிரிவு தனது புத்தாக்க விருதுக்கு இவரது பெயரைச் சூட்டியது.