தொப்பி ஊசி மெக்கானிக்

காரைக் கண்டுபிடிச்சது கார்ல் பென்ஸ்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அது தூரப் பயணம் தாங்கும்னு ஊருக்குக் காட்டியவர் அவர் மனைவி பெர்த்தா.

1849-ல் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைமில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தில் கூட்டாளியின் பங்கை வாங்கி, கார்லின் பட்டறையைக் காப்பாற்றினார். 1886-ல் காருக்குப் பேட்டன்ட் கிடைத்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

1888 ஆகஸ்டில் ஒரு காலை, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்கு மேல்! காரில் தனியாக டேங்க் கிடையாது; கார்புரேட்டரில் பிடிக்கிற நாலரை லிட்டர்தான். வழியில் வீஸ்லோக் மருந்துக்கடையில், துணிக்கறை எடுக்க விற்கும் லிக்ராயினை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைச்சுக்கிட்டப்போ, தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். இக்னிஷன் வயருக்கு இன்சுலேஷன்? காலுறைப் பட்டை. பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டார். மேட்டில் பசங்க இறங்கித் தள்ளினாங்க. இருட்டும்போது ஊர் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். திரும்பி வந்ததும் அவர் கேட்டது, மேடு ஏற இன்னொரு கியர். கார்ல் சேர்த்தார்.

பெர்த்தா இளம்பெண்ணாக இருந்தபோது அங்கே பெண்களுக்குப் பொறியியல் கல்லூரியில் இடமே இல்லை. கார்ல் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி, 1944 மே 3 அன்று, அவருடைய 95-வது பிறந்தநாளில், அவரைக் கௌரவ செனட்டர் ஆக்கியது. இரண்டே நாளில் பெர்த்தா இறந்தார்.