கேத்தே தந்த லோக் வான் தோ

நம் சங்கத்து மூத்தவர்கள் கூடி அமர்ந்து பழைய சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு சிராங்கூன் சாலையில் ஆரம்பித்தாலும் டோபி காட்டில் வந்துதான் நிற்கும். வாட்டர்லூ ஸ்திரீட் ரோஜாக், சரபத் கடையின் இஞ்சித் தேத்தண்ணீர், படக்கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் அளந்து போட்ட கச்சாங் பூத்தே, ஆர்ச்சர்ட் ரோடு கார் நிறுத்துமிடத்தில் பொழுது சாய்ந்ததும் கூடிய தள்ளுவண்டிக் கடைகள் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். அவற்றில் ஒன்றுகூட இன்று அந்த இடத்தில் இல்லை.

டோபி காட்டுக்கு மாலை நேரக் கூட்டத்தை வரவழைத்தது கேத்தே கட்டடம். அந்தப் பெயரை ஊரறியச் செய்தவர் லோக் வான் தோ. தமிழ் முஸ்லிம் சங்கத்தின் பொன்விழா மலரில் ஒரு சீனப் பெரியவரின் வரலாறு எதற்கு என்று இளையவர்கள் கேட்கலாம். படித்து முடிக்கும்போது விளங்கும் என்று நம்புகிறோம்.

அவருடைய தந்தையார் லோக் இயூ, சிறுவனாகச் சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். நம் முன்னோர் வாணிபம் செய்த சூலியா ஸ்திரீட்டுக்குப் பக்கத்துத் தெரு அது. பிறகு மலாயாவுக்குச் சென்று ஈயச் சுரங்கங்களால் பெருஞ்செல்வர் ஆனார். 1915ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று கோலாலம்பூரில் பிறந்த வான் தோவுக்கு இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை காலமானார். வளர்த்து ஆளாக்கியவர் அன்னை லிம் செங் கிம்.

உடல்நலம் குன்றிய பிள்ளையாக இருந்ததால், பதின்ம வயதில் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். மலைக்காற்று உடம்பைத் தேற்றியது. நீளம் தாண்டுவதில் பரிசு வாங்கும் அளவுக்குத் தேறினார். பின்னர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இலக்கியமும் வரலாறும் படித்தார்.

அன்னையார் 1935இல் பங்காளிகளுடன் தொடங்கிய படக்கொட்டகை நிறுவனம்தான் கேத்தேக்கு வித்து. 1939ஆம் ஆண்டு அக்டோபர் 3 அன்று டோபி காட்டில் கேத்தே திரையரங்கு திறக்கப்பட்டது. சுமார் 1,300 இருக்கைகள். உள்ளே குளிர்சாதன வசதி. வெயிலில் வெந்த ஊருக்கு அந்தக் குளிர்ச்சியே ஓர் அதிசயம். அதன் பின்னே எழுந்த அடுக்குமாடி, அன்றைய சிங்கப்பூரின் மிக உயரமான கட்டடம். 1940இல் அங்கே கேத்தே உணவகமும் திறக்கப்பட்டது. அது வசதி படைத்தவர்களின் இடம். நடனமும் மதுவும் இருந்த அந்தக் கூடத்தில் நம் மக்கள் உட்கார்ந்து உண்ணவில்லை. நம் மக்களின் இடம் வெளியே, தெருவில் இருந்தது.

1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படை நெருங்கியபோது வான் தோ கப்பலேறித் தப்பினார். பங்கா நீரிணையில் அந்தக் கப்பல்மீது குண்டு விழுந்தது. உடம்பெல்லாம் தீக்காயம், கண் பார்வையும் சில காலம் போயிற்று. பத்தாவியாவில் மருத்துவம் பெற்று, அங்கிருந்து இந்தியா போய்ச் சேர்ந்தார்.

அவர் இல்லாத காலத்தில் அவருடைய கொட்டகை நம் வரலாற்றுக்குள் நுழைந்தது. 1943 ஜூலை 4 அன்று கேத்தே அரங்கில்தான் ராஷ் பிகாரி போஸ், இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜி சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று அதே அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தார். அந்த அரசின் ஆலோசகர்களில் ஒருவர் தமிழ் முஸ்லிமான கரீம் கனி. தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளுமாக இருந்த தமிழர் பலர் ராணுவச் சீருடை அணியப் புறப்பட்ட காலம் அது.

இந்தியாவில் வான் தோவுக்கு வாய்த்த பெரும்பேறு சலீம் அலி அவர்களின் நட்பு. பம்பாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பறவைகளை ஆராய்வதற்கே வாழ்நாளை அர்ப்பணித்தவர் அவர். கண்பார்வை திரும்பிய மனிதர், காட்டில் மறைவிடம் கட்டி, மணிக்கணக்கில் அசையாமல் காத்திருந்து, ஒரு சிறு பறவை கூட்டுக்குத் திரும்பும் நொடியைப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். சலீம் அலியின் ஆய்வுப் பயணங்களுக்குப் பொருளுதவியும் செய்தார். அவருடைய பறவை நூல் 1957இல் வெளிவந்தது.

போருக்குப் பின் திரும்பிய அவர் கேத்தேயைப் பெரிதாக வளர்த்தார். 1954இல் அந்தக் கட்டடத்திலேயே தங்கும் விடுதி தொடங்கியது. கேத்தே கெரிஸ் நிறுவனம் மலாய்ப் படங்களை எடுத்தது. பி. என். ராவ், எல். கிருஷ்ணன் போன்ற இந்திய இயக்குநர்கள் அங்கே பணியாற்றினார்கள். 1957இல் ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' பெருங்கூட்டம் சேர்த்தது. ஹாங்காங்கில் சீனப் படங்கள் எடுத்ததும், மலாயன் ஏர்வேஸின் தலைவராக இருந்ததும் அவருடைய பிற பணிகள்.

நம் மூத்தவர்கள் சொல்லும் டோபி காடு இந்தக் காலத்தது. படம் தொடங்குமுன் ஐந்து காசு, பத்துக் காசுக்குக் கச்சாங் பூத்தே. படம் விட்டதும் பிராஸ் பசா பக்கம் நடந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணீர். கச்சாங் பூத்தே விற்றவர்களில் தமிழகத்தார் மிகுதி. சரபத் கடைகளிலும் ரோஜாக் கடைகளிலும் நின்றவர்களில் பலர் நம் ஊர்களிலிருந்து வந்தவர்கள். குடும்பத்தை அக்கரையில் விட்டுவிட்டு, பின்னிரவு வரை பால் ஆற்றி, மாதம் தவறாமல் ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். நம்மில் பலருடைய கல்யாணச் செலவும் படிப்புச் செலவும் அந்தக் கோப்பைகளிலிருந்து வந்தவைதாம்.

1964 ஜூன் மாதம் தைப்பேயில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவுக்கு வான் தோ மனைவியுடன் சென்றார். ஜூன் 20 அன்று தைச்சுங்கிலிருந்து கிளம்பிய விமானம் விழுந்து நொறுங்கியது. பயணம் செய்த 57 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நாற்பத்தொன்பது வயது முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1970இல் கேத்தே விடுதி நின்றது. ஆர்ச்சர்ட் ரோட்டின் இரவுக் கடைகள் 1978இல் அகற்றப்பட்டன. தெருவோர வியாபாரிகள் அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தூய்மைக்கு அது நல்லது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய வாடிக்கையாளரும் வியாபாரியும் பிரிந்தது பிரிந்ததுதான். ரயில் நிலையத்துக்காக ஆம்பர் மேன்ஷன்ஸ் இடிக்கப்பட்டது. பிளாசா சிங்கப்பூராவில் நம் பிள்ளைகள் ரொட்டிக்காக வரிசையில் நின்ற யாவோஹானும் 1997இல் போயிற்று. கேத்தேயின் முகப்பு மட்டும் 2003இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னே 2006இல் திறந்த புதிய கட்டடத்தின் திரையரங்கும் 2022 ஜூன் 26 அன்று கடைசிப் படம் காட்டி ஓய்ந்தது.

லோக் வான் தோவின் பெயரும் அவர் வீட்டுக் கட்டடத்தின் முகப்பும் நிலைத்துவிட்டன. சட்டம் அதைக் காக்கிறது. அந்த வாசலில் நின்று பிழைத்த நம் பாட்டனாருக்கு எந்த முகப்பு இருக்கிறது? எந்தத் தெருவில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை நின்றார், ரோஜாக் குழம்பில் என்ன சேர்த்தார் என்று கேட்டால் நம் வீடுகளில் பலருக்குப் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வஃபாத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். கடை மூடியது முதல் இழப்பு. கடைக்காரரின் பெயரும் மறந்துபோவது அதைவிடப் பெரிய இழப்பு. அது நம் கையில்தான் இருக்கிறது.

பறந்துவிடும் சிறு பறவைக்காக ஒரு கோடீசுவரர் மணிக்கணக்கில் காத்திருந்து பதிவு செய்தார். நம் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் ஒரு மாலை உட்கார நமக்கு நேரம் இல்லாமலா போகும்? இந்த மலர் கைக்கு வந்த வாரத்திலேயே ஒவ்வொரு குடும்பமும் ஒரு பக்கமாவது எழுதிச் சங்கத்தில் சேர்க்க வேண்டுகிறோம். கடையின் இடம், விற்ற பண்டம், நின்றவரின் பெயர், அவர் ஊர் ஆகியவை இருந்தால் போதும். இன்ஷா அல்லாஹ், அவற்றைத் தொகுத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போம்.