மெட்டுக்கு மொழி தந்த தாமஸ் மூர்

கவிதை யாத்தவர் பலர். யாத்த கவிதையைத் தம் குரலாலேயே பாடி மக்கள் நெஞ்சில் நிறுத்தியவர் சிலர். அச்சிலருள் ஒருவர் அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலம் வழங்கிய நாடுகளிலெல்லாம் அவர் பாடல்கள் ஒலித்தன. எனினும், அவர் தம் நாட்டுக்காகப் பாடினாரா, தம் நாட்டை ஆண்டவர்களின் கூடங்களுக்காகப் பாடினாரா என்னும் வினா அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்தது. அவ்வினாவை மனத்திற்கொண்டு அவருடைய வாழ்க்கையை நோக்குதல் பாட்டுத் தொழிலில் ஈடுபட்டோர்க்குப் பெரிதும் பயன் தரும்.

இளமையும் கல்வியும்

மூர் 1779ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் மளிகைக் கடை நடத்தியவர். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அக்காலத்தில் அயர்லாந்தில் கத்தோலிக்கர்க்குப் பல உரிமைகள் சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தன. 1793ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக் கதவைச் சிறிது திறந்துவிட்டதன் பயனாகவே டிரினிடிக் கல்லூரியில் அவர் சேர முடிந்தது. அங்கும் கத்தோலிக்க மாணவர்க்குப் படிப்புதவித் தகுதிகள் எட்டாக்கனியாகவே இருந்தன.

கல்லூரியில் அவருக்கு வாய்த்த நண்பர் இராபர்ட் எம்மெட். விடுதலை வேட்கை மிக்க இளைஞர். மூர் பியானோவில் பழைய ஐரிஷ் மெட்டுகளை இசைக்க, எம்மெட் அருகிருந்து கேட்பதுண்டு. ஒருமுறை அவ்விசை கேட்டு எழுந்த எம்மெட், இம்மெட்டுக்கு நடைபோடும் 20,000 வீரர் தமக்கு வேண்டுமென ஏங்கினார் எனப் பின்னாளில் மூரே நினைவுகூர்ந்துள்ளார்.

1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒட்டிக் கல்லூரியில் விசாரணை நடந்தது. நண்பர்க்கு எதிராகச் சான்று கூற வைக்கும் கேள்விகளுக்கு விடையளிக்க முடியாது என்று மூர் உறுதியாக நின்றார். ஆனால் அவர் கிளர்ச்சியில் இறங்கினாரல்லர். 1799இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். எம்மெட் 1803இல் தூக்கிலிடப்பட்டார். ஒரே இசையைக் கேட்ட இருவருள் ஒருவர் தூக்குமேடைக்கும், மற்றவர் பிரபுக்களின் விருந்து மண்டபத்துக்கும் சென்றனர்.

பாடல்களின் தோற்றம்

யாழினத்தைச் சேர்ந்த ஹார்ப் அயர்லாந்தின் தேசிய இசைக்கருவி. அதை வாசித்துப் பாடும் பாணர் மரபு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழியும் நிலையில் இருந்தது. 1792இல் பெல்பாஸ்ட் நகரில் நடந்த விழாவில் எஞ்சியிருந்த முதிய கலைஞர் சிலர் கூடி வாசித்தனர். அவர்கள் வாசித்ததை எட்வர்டு பன்டிங் என்னும் இளைஞர் இசைக்குறியீட்டில் எழுதி, 1796இல் நூலாக்கினார். மூருக்கு மூலப்பொருள் தந்த ஊற்றுகளுள் அந்நூல் தலையாயது.

இலண்டனிலும் டப்ளினிலும் இசைநூல் வெளியிட்டு வந்த பவர் சகோதரர்கள் இம்மெட்டுகளுக்குச் சொல் எழுதுமாறு மூரை வேண்டினர். 1808 முதல் 1834 வரை பத்துத் தொகுதிகளாக 'ஐரிஷ் மெலடிஸ்' வெளிவந்தது. இசையமைப்பை முதலில் ஜான் ஸ்டீவன்சனும் பின்னர் ஹென்றி பிஷப்பும் செய்தனர். ஆண்டுக்கு 500 பவுன் வருவாய் மூருக்கு உறுதியாயிற்று.

இப்பாடல்களின் இயல்பு கவிஞர்கள் கருதத்தக்கது. சொல் முன்னும் இசை பின்னுமாக இவை பிறக்கவில்லை; பழைய மெட்டின் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்பச் சொற்கள் தேர்ந்து வைக்கப்பட்டன. ஆதலின் வழக்கமான ஆங்கில யாப்பில் காணாத சந்தங்கள் இவற்றில் அமைந்தன. இசையினின்று பிரித்துத் தாளில் மட்டும் படித்தால் தம் பாடல்கள் பொலிவிழக்கும் என்பதை மூர் நன்கு உணர்ந்திருந்தார்.

அவர் குரல் பெரிதன்று. பியானோ முன் அமர்ந்து, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட முறையில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கப் பாடுவார். கேட்டோர் கண்ணீர் உகுத்தனர். தூக்கிலிடப்பட்ட எம்மெட்டின் பெயரைச் சொல்லாமலேயே அவர்க்கு இரங்கும் பாடல் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. அதனை ஆங்கிலப் பிரபுக்களும் கேட்டு உருகினர். ஆயின், உருகியோர் சட்டத்தை உடனே மாற்றினாரல்லர். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை 1829இல்தான் கிட்டியது.

புகழும் சோதனையும்

மூர் 1811இல் நடிகை பெஸ்ஸி டைக்கை மணந்தார். 1817இல் வெளிவந்த 'லல்லா ரூக்' என்னும் காவியத்துக்காக லாங்மன் நிறுவனம் 3,000 பவுன் தர ஒப்பியது. இந்தியாவை ஒருபோதும் காணாத கவிஞர், தில்லியிலிருந்து காஷ்மீரம் செல்லும் முகலாய இளவரசியின் கதையை நூல்களைக் கொண்டே புனைந்தார். அதனுள் வரும் பாரசீக நெருப்பு வழிபாட்டாளரின் போராட்டத்தில் அயர்லாந்தின் நிலையே நிழலாடுகிறது.

புகழின் உச்சியிலேயே இடர் வந்தது. 1803இல் பெர்முடாத் தீவில் கிடைத்த அரசுப் பதவியைத் துணையாள் ஒருவரிடம் ஒப்படைத்து வந்திருந்தார் மூர். அவர் செய்த கையாடலால் 6,000 பவுன் பொறுப்பு மூரின் தலையில் விழுந்தது. சிறைக்கு அஞ்சி 1819இல் நாட்டை விட்டு வெளியேறியவர், கடன் 1,000 பவுனாகக் குறைக்கப்பட்டுத் தீர்ந்த பின் 1822இல் திரும்பினார்.

அப்பயணத்தில் வெனிஸ் அருகே நண்பர் பைரன் தம் நினைவுக்குறிப்புகளை மூரிடம் ஒப்படைத்தார். மூர் அவற்றைப் பதிப்பாளர் ஜான் மர்ரேயிடம் 2,000 கினிக்கு விற்றார். பைரன் இறந்த அடுத்த மாதம், 1824 மே 17ஆம் நாள், உறவினர், நண்பர் சிலரின் அச்சத்தால் அக்கையெழுத்துப் படி மர்ரேயின் இல்லத்து அடுப்பில் எரிக்கப்பட்டது. மூர் மறுத்துரைத்தார்; ஆயினும் தடுத்து நிறுத்தினாரல்லர். பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 1830இல் பைரனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி நட்புக்கடன் ஆற்றினார். ஆனால் எரிந்தது எரிந்ததே.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

பிள்ளைகள் ஐவரும் பெற்றோர் கண்முன்னரே மறைந்தனர். நினைவு தளர்ந்த நிலையில், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் 1852 பிப்ரவரியில் மூர் காலமானார். அவர் உடல் பிறந்த மண்ணில் அன்றி பிராம்ஹம் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. டப்ளின் நகரம் 1857இல் அவர்க்குச் சிலை எடுத்தது.

அவர் பழைய மெட்டுகளின் முரட்டு அழகை மழுக்கினார் என்று பன்டிங் வருந்தினார். திறனாய்வாளர் ஹாஸ்லிட்டும் கடிந்தார். இக்குறையில் உண்மை உண்டு. மூரும் தாம் செய்த மாற்றங்களை மறைத்தாரல்லர். அவை இல்லையேல் அம்மெட்டுகள் ஏட்டிலேயே உறங்கியிருக்கும் என்று கருதினார். இக்கூற்றும் எளிதில் தள்ளத்தக்கதன்று. கோடையின் கடைசி ரோசாவைப் பற்றிய அவருடைய பாடல் 1847இல் புளோட்டோவின் 'மார்த்தா' என்னும் இசை நாடகத்தில் புகுந்து ஐரோப்பா முழுதும் பரவியது.

எம்மெட்டைப் போல மூர் உயிர் கொடுத்தாரல்லர். எனினும், பெயர் சொல்லவும் அஞ்சிய காலத்தில், ஆண்டோரின் கூடத்திலேயே அந்நண்பரின் நினைவைப் பாடி வைத்தார். போராளியின் அளவுகோலால் அளந்தால் அவர் சிறியவராகத் தோன்றலாம். அழியவிருந்த இசைச் செல்வத்தை மக்கள் நாவில் ஏற்றிய பாவலர் என்ற வகையில் அயர்லாந்து அவர்க்குக் கடமைப்பட்டுள்ளது.