கூஃபா கடைவீதியில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்)

இமாமுல் அஃழம் என்றதும் மத்ஹபும் மஸ்அலாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அன்னார் ஒரு ஜவுளி வியாபாரியாகவும் இருந்தார்கள் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி 80-ல் (கி.பி. 699) கூஃபாவில் பிறந்த நுஃமான் இப்னு தாபித் அவர்கள் வாலிபத்தில் கடைவீதியே கதியென்று இருந்தவர்கள். இமாம் ஷஅபீ (ரஹ்) தூண்டிய பிறகே கல்வியின் பக்கம் திரும்பி, ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் ஓதினார்கள். ஆனால் கடையை மூடிவிடவில்லை. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த கஸ் என்னும் துணியே அவர்களுடைய சரக்கு.

அங்கே வாடிக்கையாளர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்து நூறு கேட்டார். அது அதற்கு மேல் பெறும் என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்தும் இமாம் அதையே சொல்லவே, தம்மைக் கேலி செய்வதாக எண்ணிவிட்டார். விலை மதிக்க ஓர் ஆளை அழைத்து வரச் சொன்னார்கள். ஐந்நூறுக்கு விலைபோயிற்று.

இன்னொரு மூதாட்டி, தாம் ஏழை என்றும், கொள்முதல் விலைக்கே ஒரு துணி தரவேண்டும் என்றும் கேட்டார். நான்கு திர்ஹம் என்றார்கள். அவருக்கும் கேலியாகவே பட்டது! உண்மை என்னவெனில், இரண்டு துணிகள் வாங்கி, ஒன்றை விற்றதிலேயே நான்கு திர்ஹம் நீங்கலாக முழு முதலும் வந்துவிட்டிருந்தது. இந்தக் கணக்கை நாமாக இருந்தால் வெளியே சொல்லியிருப்போமா?

இவற்றைவிட நம்மை உலுக்குவது கூட்டாளி ஹஃப்ஸ் இப்னு அப்திர் ரஹ்மானின் விஷயம். அவரிடம் சரக்கு அனுப்பிய இமாம், இன்ன துணியில் பழுது இருக்கிறது, அதைச் சொல்லியே விற்கவேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். ஹஃப்ஸ் சொல்ல மறந்தே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அழைத்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதற்கு வழியில்லாமல் போகவே, அந்தச் சரக்கு முழுவதும் விற்ற பணத்தையும் ஸதகா செய்துவிட்டார்கள். ஒரு துணியின் விலையை மட்டும் கொடுத்தால் போதாதா என்று நமக்குத் தோன்றும். அந்தப் பணம் மற்றதோடு கலந்துவிட்டதே என்பதுதான் இமாமின் கவலை.

இலாபம் சேர்ந்தால் உலமாக்களுக்கு உணவும் உடையும் வாங்கி அனுப்பினார்கள். சொந்தக் கடையின் வருவாய் இருந்ததால் ஆட்சியாளரின் அன்பளிப்பை எதிர்பார்க்கவில்லை. கலீஃபா மன்ஸூர் காழி பதவியை ஏற்கும்படி வற்புறுத்தியும் மறுத்துச் சிறைப்பட்டார்கள். ஹிஜ்ரி 150-ல் (கி.பி. 767) பக்தாதில் வஃபாத்தானபோது, மக்கள் அவர்களை நம்பி ஒப்படைத்திருந்த அமானிதங்கள் பெருந்தொகையாக இருந்தன என்று எழுதியிருக்கிறார்கள்.