நானா அஸ்மாஉ: ஓலைத் தொப்பிப் பெண்களின் உஸ்தாதா

என் உம்மம்மா வபாத்தான அன்று ஜனாஸா அறிவித்தலை எழுதியது நான்தான். காலஞ்சென்ற இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா, இன்னாரின் மாமி என்று நான்கு வரிகள், அதன் கீழே மையவாடியும் நல்லடக்க நேரமும். நாற்பது வருடங்களாக வீட்டு விறாந்தையில் பாய் விரித்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர் அவர். அதையும் எழுத வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. பல வருடங்கள் கழித்து, மேற்கு ஆபிரிக்காவின் நானா அஸ்மாஉவைப் பற்றி வாசிக்கும்போதுதான் அந்த நான்கு வரிகள் என்னை உறுத்தத் தொடங்கின.

நம் வீடுகளில் நானா என்றால் மூத்த சகோதரர். ஹவுஸா மொழியிலோ அது பெண்களுக்குரிய மரியாதைச் சொல். இன்றைய வட நைஜீரியாவில், டெகெல் என்ற ஊரில் 1793 இல் அஸ்மாஉ பிறந்தார். கூடவே பிறந்த இரட்டையர் ஹஸன். அந்த நாட்டு வழக்கப்படி பெண் பிள்ளைக்கு ஹுஸைனா என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும். தந்தை ஷெய்கு உஸ்மான் இப்னு பூதி (ரஹ்) அவர்களோ, அபூபக்கர் (ரழி) அவர்களின் மகளார் அஸ்மா (ரழி) அவர்களின் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹிஜ்ரத்தின்போது குகைக்கு உணவு சுமந்து சென்ற அந்த அஸ்மாவின் பெயர் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொருந்திப்போனது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஷெய்கு உஸ்மான் ஊர் ஊராகச் சென்று பயான் செய்தவர். அந்தச் சபைகளில் பெண்களும் அமர்ந்து கேட்டார்கள். அதை ஆட்சேபித்தவர்களுக்கு, பெண்களை அறியாமையில் விட்டுவைப்பதே பெரிய தீங்கு என்று பதில் சொன்னார். இரவு பகலாக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டு, சொந்த மனைவியையும் மகளையும் எழுத்தறிவில்லாமல் வைத்திருக்கும் உலமாக்களை அவர் கடுமையாகச் சாடி எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் படிப்பது ஒரு புதினமே அல்ல. சிறு வயதிலேயே தாய் மைமூனாவை இழந்த அஸ்மாஉ, தந்தையின் மற்ற மனைவியரிடமும் உறவினரிடமும் கற்றார். அரபு, புல்புல்டே, ஹவுஸா, தமாஷெக் ஆகிய நான்கு மொழிகளும் அவருக்குத் தெரிந்திருந்தன.

1804 இல் கோபிர் மன்னனின் பகைமை முற்றி, அந்தச் சமூகம் டெகெலை விட்டு குடு என்ற இடத்துக்கு ஹிஜ்ரத் சென்றது. அஸ்மாஉவுக்கு அப்போது பதினொரு வயதளவில் இருக்கும். பிறகு நான்கு வருடப் போர். பசி, நோய், இடம்பெயர்வு, அன்றாடம் வரும் மரணச் செய்தி. இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போர் ஓயும் முன்னரே அண்ணன் முஹம்மது பெல்லோவின் உற்ற நண்பர் கிடாடோவுக்கு அவர் மணமுடித்து வைக்கப்பட்டார். 1817 இல் தந்தை வபாத்தாக, பெல்லோ கலீபாவானார், கிடாடோ வசீரானார். ஆபிரிக்காவின் மிகப் பெரிய அரசுகளில் ஒன்றாக சொகோட்டோ வளர்ந்தது.

பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, எந்நேரமும் ஆட்கள் வந்து போகும் பெரிய வீடொன்றை நிர்வகித்துக்கொண்டேதான் அவர் எழுதினார். நாற்பது வருடங்களுக்கு மேல் எழுதியவற்றில் ஏறக்குறைய அறுபது ஆக்கங்கள் இன்று கைவசம் உள்ளன. ஒன்றையும் இங்கே மறைக்கக் கூடாது. அன்றைய சொகோட்டோவில் அடிமைகள் பெருந்தொகையாக இருந்தார்கள். வசீரின் வீட்டில் தண்ணீர் அள்ளியதும் தானியம் குற்றியதும் பெரும்பாலும் அவர்கள்தான். அஸ்மாஉ பேனா பிடிக்க நேரம் கிடைத்ததில் அந்தக் கைகளுக்கும் பங்குண்டு.

ஆனாலும் அவர் தனக்குள்ளும் தன் குடும்பத்துக்குள்ளும் முடங்கவில்லை. போரின் பின் அந்த நாடெங்கும் விதவைகள், இடம்பெயர்ந்தோர், பிடிபட்டு வந்த பெண்கள் என்று பலர் சிதறிக் கிடந்தார்கள். பலருக்கு வுழூ எடுக்கத் தெரியாது. நோய் வந்தால் பேயோட்டும் போரி சடங்குக்கு ஓடினார்கள். எல்லோரையும் சொகோட்டோவுக்கு அழைத்து மத்ரசாவில் உட்கார வைக்க முடியுமா? கைக்குழந்தையோடு இருப்பவள் எப்படி வருவாள்?

அஸ்மாஉ கண்ட வழி எளிமையானது. பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண்களையும், இன்னும் மணமுடிக்காத சிறுமிகளையும் கூட்டம் கூட்டமாகத் தன்னிடம் வரவழைத்தார். யன் தாரு என்று அந்த அமைப்புக்குப் பெயர். ஒன்றுகூடியவர்கள் என்று பொருள் கொள்ளலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவி. அவளுக்கு ஜாஜி என்ற பட்டம், வணிகக் கூட்டங்களை வழிநடத்துபவருக்கு வழங்கிய பெயர் அது. ஜாஜி தன் ஊர்ப் பெண்களை அழைத்துக்கொண்டு கால்நடையாக வருவாள், அஸ்மாஉவின் பைத்துகளை மனனம் செய்வாள், ஊர் திரும்பி வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்களுக்கு அவரவர் வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பாள். புத்தகம் இல்லாத இடத்தில் பைத்துதான் புத்தகம். குர்ஆனின் சூராக்களின் பெயர்களையெல்லாம் கோத்து அவர் இயற்றிய பைத்து மூன்று மொழிகளில் இருக்கிறது. யார் எந்த மொழி பேசினாலும் வாயில் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஜாஜிகளுக்கு அவர் ஓர் ஓலைத் தொப்பியும், அதில் கட்ட ஒரு சிவப்புத் துணியும் கொடுத்தார். அப்படியொரு தொப்பி முன்பு கோபிரில் போரிச் சடங்குகளுக்குத் தலைமை தாங்கிய பெண்ணின் அடையாளமாக இருந்தது. அதைத் தடை செய்து எரிக்கச் சொல்லவில்லை அவர். எடுத்து மார்க்கக் கல்வி கற்பிக்கும் பெண்ணின் தலையில் வைத்தார். தஃவா பணியில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். வரும் பெண்கள் தானியம், வெண்ணெய், துணி என்று கையில் கிடைத்ததைக் கொண்டுவருவார்கள். அவை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் போய்ச் சேரும்.

என்னை நிறுத்தி வைத்தவை அவரது இரங்கல் பாக்கள். தந்தைக்கும், 1837 இல் வபாத்தான அண்ணனுக்கும், கணவருக்கும் அவர் எழுதியதில் வியப்பில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஹலீமாவுக்கும் எழுதியிருக்கிறார். அந்த ஹலீமா செய்தது என்ன? சொந்தபந்தங்களை அணைத்துக்கொண்டார், சண்டைகளைத் தீர்த்து வைத்தார், பொறுமையாக இருந்தார். ஸஹ்ரத்து என்ற இன்னொரு பெண்ணுக்கும் ஒரு பா உண்டு. தெரியாதவர்களுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுத்தவர், பிரசவத்துக்கு அழைத்தால் போனவர், மையித்தைக் குளிப்பாட்டக் கூப்பிட்டால் தயங்காமல் வந்தவர் அவர். கலீபாவின் சகோதரி உட்கார்ந்து இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். யாருடைய மனைவி, யாருடைய தாய் என்பதோடு முடிக்கவில்லை.

அதை வாசித்த பிறகு உம்மம்மாவிடம் ஓதியவர்களைத் தேடத் தொடங்கினேன். மீன் கடைக்காரர், பாடசாலை அதிபர், கட்டாரிலிருந்து தொலைபேசியில் அழுத ஒருவர் என்று நாற்பத்து மூன்று பெயர்கள் இதுவரை என் கொப்பியில் உள்ளன.

அஸ்மாஉவின் ஆக்கங்களும் அப்படி யாரோ பத்திரப்படுத்தியதால்தான் நமக்குக் கிடைத்தன. வசீர் குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்ட கையெழுத்துப் பிரதிகளை வசீர் ஜுனைது கொடுத்துதவ, சொகோட்டோவில் பணியாற்றிய ஜீன் பாய்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவற்றை வருடக்கணக்கில் படித்தார். பெவர்லி மாக்குடன் சேர்ந்து 1997 இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்.

கணவர் மறைந்த பின்னரும் பல வருடங்கள் அஸ்மாஉவின் வீட்டு வாசலுக்கு ஓலைத் தொப்பிகள் வந்துகொண்டிருந்தன. 1864 இல் அவர் வபாத்தானார். சொகோட்டோவில் தந்தைக்கு அருகில் அடக்கப்பட்டார். பெண்களின் பொறுப்பைச் சகோதரி மர்யம் ஏற்றுக்கொண்டார், ஜாஜிகள் வழமைபோல் புறப்பட்டு வந்தார்கள்.